அப்பப்பாவின் பிக்கப்பை ஓட வைத்த எல்லோருக்கும்

நேற்றுப் பின்னேரம் அப்பப்பாவின் பழைய ஒஸ்ரின் ஏ40 பிக்கப் ஓடிவிட்டது. உரும்பிராய்ச் சந்தி வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். நடுவில் நிற்கவில்லை, றேடியேற்றர் கொதிக்கவில்லை, சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரர் வெளியே ஓடிவந்து பொனற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். கையில் இன்னும் கிறீஸ் மணம் போகவில்லை. ஆறுதலாக எழுதலாம் என்றால் நாளைக்கு வேறு வேலை வந்துவிடும், பிறகு எழுதாமலே விட்டுவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

முதலில் விட்ட கராஜில் எஞ்சினைக் கழற்றி, பூட்டாமல் அப்படியே திருப்பித் தந்த கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. மாசி மாதம் நான் அழுதழுது எழுதியதை வாசித்துத்தானே நீங்கள் எல்லோரும் கோல் எடுத்தீர்கள். எஞ்சினைக் கழற்றி உரப்பைகளில் கட்டித் தந்தால் அதை என்ன செய்வது, எந்த நட்டு எதற்குரியது என்று யாருக்குத் தெரியும்? "பேசாமல் இரும்பு விலைக்குக் குடு பிள்ளை" என்று சொன்னவர்கள்தான் கூட. வருகிற கிழமை அப்பப்பாவின் ஆட்டைத் திவசம், அவர் போய் ஒரு வருசம். அதற்கிடையில் இது உயிர் பெறும் என்று வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

சரி, நன்றி. முதலில் வாகனத்தின் தகர வேலை, பெயின்ற் வேலை செய்த ரிங்கரிங் அண்ணைக்கு. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் ரிங்கரிங் அண்ணை என்றே இருக்கட்டும். மருதனார்மடப் பக்கம் ஒரு தகரக் கொட்டில், வாசலில் போர்டுகூட இல்லை. எஞ்சின் இல்லாத வாகனப் பொடியைக் கட்டியிழுத்துக்கொண்டு போய் அவரிடம் விட்ட அன்று அவர் என்னோடு பேசியது நாலு வசனம் இருக்காது. இந்த மனுசன் என்ன செய்து தரப்போகிறார் என்ற யோசனையோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஒரு நாள் இரவு கோல் வந்தது.

"பிள்ளை, நித்திரையோ?"

"இல்லை அண்ணை, சொல்லுங்கோ."

"இடப்பக்க மட்காட்டில ஒரு நெளிவு கிடக்கு. எடுக்கிறது பெரிய வேலையில்லை, அரை மணித்தியாலம் காணும். ஆனா இது ஐயா வைச்சிருந்த நெளிவோ, இல்லாட்டிப் பிறகு ஆரும் இடிச்சதோ எண்டு எனக்குத் தெரியாது. கேக்காமல் சுத்தியல் வைக்க மனம் வரேல்லை."

எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அவர் ஐயா என்றது அப்பப்பாவை, அது அப்பப்பா வைத்திருந்த நெளிவுதான். 1995 ஐப்பசி 30, நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற வழி. அந்த இரவைப் பற்றி யாழ்ப்பாணத்தவருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. இராணுவம் முன்னேறி வர, எங்கள் வலிகாமமே அந்த ஒற்றை வழியில் தென்மராட்சிக்கு நடந்தது, மேலே மழை, குடையைக் கவிழ்த்துப் பிடித்துத் தண்ணீர் குடித்தார்கள். அப்பப்பா எங்கள் ஒழுங்கையில் நடக்க ஏலாத கிழவிகள் எல்லோரையும் பின்னால் ஏற்றி, பூட்டியை முன்னால் இருத்தி, சனத்தோடு சனமாக நடையளவு வேகத்தில் உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். நான் அம்மாவின் மடியில் கைக்குழந்தை, எனக்கு ஒன்றும் நினைவில்லை. முன்னால் நின்ற உழவு இயந்திரத்தின் பெட்டி பின்னுக்கு வந்து மட்காட்டில் முட்டியிருக்கிறது. பூட்டி அந்த இடம்பெயர்விலேயே கொடிகாமத்தில் செத்துப்போனா, அவவின் சொந்த வீட்டு முற்றத்தை அதற்குப் பிறகு அவ காணவே இல்லை. திரும்பி வந்த பிறகு அப்பப்பா வாகனத்துக்கு எத்தனையோ வேலை செய்தார், இரண்டு தரம் பெயின்றும் அடித்தார், அந்த நெளிவில் மட்டும் ஒருவரையும் கை வைக்க விடவில்லை. ஏன் என்று கேட்டால் "கிடக்கட்டும்" என்பார். வேறு விளக்கம் கிடையாது.

இதையெல்லாம் நான் அண்ணைக்குச் சொல்லியே இருக்கவில்லை. எப்படியோ விட்டுப்போயிற்று, எஞ்சின் கவலையில் மட்காட்டை யார் நினைத்தது? அவர் கேட்காமல் இருந்திருந்தால் அரை மணித்தியாலத்தில் அது மறைந்திருக்கும், நான் போய்ப் பார்த்து "நல்ல வடிவாய் வந்திருக்கு அண்ணை" என்று சொல்லிக் காசும் கொடுத்திருப்பேன். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவும்போதுதான் கை அந்த இடத்தைத் தேடியிருக்கும்.

கதையைச் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப கிடக்கட்டும். கறள் ஏறாமல் மட்டும் செய்து விடுறன்" என்றார். அப்பப்பாவின் அதே சொல். நெளிவுக்குள்ளே மெசினை விடாமல் கையாலேயே எமறித்தாள் போட்டுத் தேய்த்து, கறளை எடுத்து, பிறைமர் அடித்து, அதற்கு மேல் நிறம் கொடுத்திருக்கிறார். கிட்ட நின்று பார்த்தால் வளைவுக்குள் பெயின்ற் ஒரே சீராக ஓடியிருப்பது தெரியும். நிமிர்த்துவதைவிட இதற்குத்தான் கூட நேரம் போயிருக்க வேண்டும்.

பிறகு இன்னொரு கோல். கதவின் உள்பக்கத் தகரத்தில் பென்சிலால் எழுதிய கணக்கு: சுன்னாகம் சந்தைக்கு ஏற்றின வெங்காயம், பீற்றூட், யாருக்கு எவ்வளவு பாக்கி. அதை என்ன செய்கிறது என்று கேட்டார். அந்த இடத்தைப் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டுச் சுற்றிவரப் பெயின்ற் அடித்துத் தந்தார். அப்பப்பாவுக்குப் பாக்கி வைத்தவர்களின் பெயர்கள் இப்போது வாசிக்கக்கூடியதாக இருக்கின்றன, பயப்பட வேண்டாம், யாரிடமும் கேட்டு வரமாட்டேன்.

கடைசியில் பில் எழுதித் தந்தபோது பார்த்தால், முதலில் பேசிய தொகையில் கொஞ்சம் குறைந்திருந்தது. என்ன அண்ணை என்று கேட்டேன். "அந்த நெளிவு எடுக்கேல்லைத்தானே, அதுக்குரிய கூலியைக் கழிச்சுப் போட்டன்." நான் மல்லுக்கட்டியும் வாங்கவில்லை. இப்படி ஒரு கணக்கை நான் எங்கேயும் கண்டதில்லை.

பழைய வாகனங்களைப் புதுப்பிக்கிறவர்கள் பலர் இப்போது குறோம் பளபளக்க, ஒரு கீறல் இல்லாமல், கலியாண வீட்டு வாசலில் படம் பிடிப்பதற்கென்றே செய்கிறார்கள். செய்யட்டும், அவரவர் விருப்பம். எனக்கு அப்படி ஒன்றை எங்கள் முற்றத்தில் விட்டால் அடுத்த வீட்டு வாகனம் வந்து நிற்கிறதுபோலத்தான் இருக்கும்.

மற்ற எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். எஞ்சினை உரப்பையில் இருந்து எடுத்து மேசையில் பரப்பி, நாள் கணக்காக ஒவ்வொன்றாகப் பொருத்தியவர் கோண்டாவில் பஸ் டிப்போவில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா. எஞ்சின் ஹெட்டைத் திருப்பிப் பார்த்துக் கரியை விரலால் சுரண்டிவிட்டு, "இது மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சின்" என்றார். உண்மைதான். 1990க்குப் பிறகு, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலில் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் அப்பப்பாவும் ஓடினார், ஊரே அப்படித்தான் ஓடியது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும், அப்படியிருந்தும் இந்த 1,200 சீசீ எஞ்சின் தாக்குப்பிடித்தது என்று ஐயா அதைத் தடவித் தடவிச் சொன்னார். பற்றறியின் பிளஸ் முனையைத்தான் பொடியில் பூட்ட வேண்டும், இந்தக் காலத்து வாகனம் மாதிரி மைனஸை அல்ல என்று எனக்குப் படிப்பித்தவரும் அவர்தான்.

ஸ்ரான்லி வீதி உதிரிப்பாகக் கடைக்காரர்கள், இங்கே கிடைக்காத பெயாரிங்குக்காகக் கொழும்புப் பஞ்சிகாவத்தையைக் கடை கடையாகச் சலித்த மச்சான், கண்ணாடி ரப்பர்களைச் சூட்கேசில் உடுப்புக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த லண்டன் சித்தி, பின்பெட்டிக்கு வேப்பம்பலகை அறுத்துத் தந்த தச்சு மாமா, பிரதேச செயலகத்தில் பத்திரங்களைப் பொறுமையாக விளங்கப்படுத்திய அக்கா, ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய அந்த இங்கிலீஷ் எழுத்து நம்பர் பிளேற்றைத் தூரிகையாலேயே திரும்ப எழுதித் தந்த போர்ட் தம்பி, எல்லோருக்கும் நன்றி. காசு அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாமல் இருந்தவர்களுக்கும். "இரும்பு விலைக்குக் குடு" என்றவர்கள் நேற்று ஒழுங்கையில் நின்று கை காட்டினார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கலியாண வாடகைக்கு ஏற்கெனவே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கோபிக்க வேண்டாம், அதற்குக் கொடுக்கப் போவதில்லை. அப்பப்பா வெள்ளிக்கிழமைகளில் தொண்டைமானாறு சந்நிதி முருகன் கோயில் மடத்து அன்னதானத்துக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டு போவார், எங்கள் தோட்டத்தில் விளைந்ததும் அயலட்டை தந்ததும். திவசம் முடிந்த கையோடு அதைத் திரும்பத் தொடங்குவதாகச் சந்நிதியானிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அச்சுவேலி வழியாகத்தான் போவோம், பூசணியோ கத்தரியோ தருவதற்கு இருந்தால் றோட்டுக் கரைக்குக் கொண்டுவந்து வையுங்கள், ஏற்றிக்கொள்கிறோம்.

ஒரு டைனமோவும், ஒரு சோடி பிறேக் றம்மும், என்னவென்று எங்களுக்கே விளங்காத கொஞ்ச நட்டுகளும் மிச்சம் கிடக்கின்றன. ஒஸ்ரின் ஏ40 வைத்திருக்கிறவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். வருவதற்கு முதல் ஒரு கோல் எடுங்கள், வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் ஆட்கள் நிற்கமாட்டோம்.