முதல் மிதிக்கு நிற்காத காருக்கும் ஒரு வருடச் சான்றிதழ்

வாகனப் பரிசோதனைத் தவணையைத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

வணக்கம். விதி உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை நான் விளக்கத் தேவையில்லை. இலங்கையில் 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனைக்கு வருடம் ஒரு முறை போய் வருகிறோம். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் வாகன வருமான அனுமதிப்பத்திரம், அதாவது வருடா வருடம் எடுக்கும் லைசன்ஸ், கிடையாது. அது இல்லாவிட்டால் சந்தியில் மறிக்கும் பொலிஸாருக்குச் சொல்லப் பதிலும் கிடையாது. கார் மூன்று வருடத்ததா, அப்பா காலத்ததா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அதைக் கேட்கச் சொல்லித்தான் எழுதுகிறேன். காரின் வயதைப் பார்த்துத் தவணை வையுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு கார். ஒன்று அப்பா விட்டுப்போன 1983ஆம் ஆண்டு நிசான் சன்னி. மற்றது மகனுடைய 2016 அல்டோ. இரண்டுக்கும் லைசன்ஸ் முடிவது மார்கழியில். மார்கழியில் மண்டூரிலிருந்து ஒரு காரை வெளியே எடுப்பது எப்படியிருக்கும் என்று மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெல்லாவெளி வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும். தண்ணீர் கூடினால் வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் படகுப் பாதையும் நின்றுவிடும். மழைக்கு முன்பே போய்ச் செய்யலாமே என்பீர்கள். ஐப்பசி பிறந்தால் பெரும்போக விதைப்பு. உழவு மெஷினுக்குப் பின்னால் திரிகிறவன் கார் வரிசையில் போய் நிற்க முடியுமா?

சென்ற மார்கழியில் தண்ணீர் வடியும் மட்டும் நான்கு நாள் பார்த்திருந்துவிட்டு, விடிய 5 மணிக்கு நானும் மகனும் ஆளுக்கொரு காரில் புறப்பட்டோம். பட்டிருப்புப் பாலம் கடந்து பரிசோதனை நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முன்னால் 14 வாகனம். அல்டோவின் முறை வந்தது. சைலன்சருக்குள் குழாயை விட்டார்கள், எஞ்சினை முறுக்கச் சொன்னார்கள், பாஸ். அரை நாள் காத்திருந்தது அந்தச் சில நிமிடத்துக்காக.

அப்புறம் சன்னி. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் கராஜில் கார்பரேட்டரைத் திருகி எண்ணெயைக் குறைத்து வைத்திருந்தோம். டெஸ்ட் முடிந்த பிறகு பழையபடி திருப்பிவிடுவது வழக்கம். பழைய கார் வைத்திருப்பவர்கள் பலரும் செய்வதுதான். ஆனால் பிரேக் பம்பில் வொஷர் தேய்ந்திருந்ததை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். இரண்டு தரம் மிதித்தால் பிடிக்கும், அது என் காலுக்குப் பழகிப்போன விஷயம். அங்கே வேலை செய்யும் பொடியன் காரை உள்ளே எடுத்து ஒரு தரம் மிதித்தார். கார் நிற்கவில்லை. சுவரோரம் சாத்தி வைத்திருந்த பழைய டயரில் போய் முட்டித்தான் நின்றது.

பொடியன் இறங்கி வந்து, "பிரேக்க ஒருக்காப் பாருங்க ஐயா" என்றார். பிறகு குழாயை விட்டார். புகை பாஸ். மெஷினிலிருந்து சான்றிதழ் சூடாக வந்தது, ஒரு வருடத்துக்கு.

அவரில் குறை சொல்ல எதுவுமில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தது புகையைப் பார்க்க. பெற்றோல் காருக்குக் காபன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகாபனும், டீசலுக்குப் புகையின் அடர்த்தியும். பிரேக் அந்தப் பட்டியலில் இல்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறீர்கள். சொந்தப் பாவனைக் காருக்கு அதுவும் இல்லை. எங்கள் காருக்கு நடந்த ஒரே முழுப் பரிசோதனை, வாங்கிய அன்று மண்டூர் முருகன் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்ததுதான்.

பிரேக் என்ன பெரிய விஷயமா என்றால், பொழுது சாயும் நேரம் வெல்லாவெளிப் பக்கம் ஒரு தரம் வந்து பாருங்கள். வளைவில் மாடு படுத்திருக்கும். அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும். சில நாள் யானையும் நிற்கும். இரண்டாம் மிதிவரை யானை பொறுத்திருக்குமா?

மற்ற இடங்களில் வயதைப் பார்க்கத்தான் செய்கிறார்கள். சிங்கப்பூரில் காருக்கு மூன்று வயது வரை சோதனை இல்லை, பத்து வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடா வருடம். நம் வீதிகளில் பாதிக் கார்களை அனுப்பிவைத்த ஜப்பானில் புதுக் காருக்கு முதல் சோதனை மூன்று வருடத்தில், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒன்று. லண்டனில் இருக்கும் என் தம்பி மூன்று வயதிலிருந்து வருடா வருடம் கொண்டுபோகிறான். அங்கே பிரேக், டயர், லைட், ஸ்டியரிங், சீட் பெல்ட் எல்லாம் பார்க்கிறார்கள். பெரிய மாற்றம் எதுவும் செய்யாத 40 வயதுக் காருக்கு அங்கே விலக்கே உண்டாம். எங்கள் சன்னி லண்டனில் இருந்திருந்தால் ஓய்வூதியம் வாங்கியிருக்கும்! அந்த விலக்கை இங்கே கொண்டு வந்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் நாடு ஓடியது பழைய வாகனத்தில். விற்க நினைத்தவர்களும் விற்கவில்லை, கழிக்க வேண்டியதைக் கழிக்கவுமில்லை. வாகனங்களுக்கு வயது ஏறிவிட்டது, உங்கள் தவணை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீதியின் நிலையைப் பற்றியும் எழுத நினைத்தேன். பரிசோதனைக்கு ஓட்டிப் போகும் வழியிலேயே கார் பழுதாகும் ஊரில் பரிசோதனை எதற்கு என்று... சரி, அது வேறு திணைக்களம் என்பீர்கள்.

கோபத்தில் ஏதும் கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். காரின் வயதைப் பார்த்துத் தவணை வையுங்கள். புதுக் காரை மூன்று வருடம் விட்டுவிடுங்கள், பத்து வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கூப்பிடுங்கள். பத்தைத் தாண்டியதை வருடா வருடம் கூப்பிட்டுப் பிரேக்கையும் டயரையும் சேர்த்துப் பாருங்கள். என் சன்னியை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கேட்டாலும் கொண்டு வருவேன். முடிந்தால் வெல்லாவெளிப் பிரதேச செயலகத்துக்கு மழைக்கு முன் ஒரு நடமாடும் சேவையும் அனுப்புங்கள்.

பிரேக் பம்பை மறுநாளே மாற்றிவிட்டேன். அல்டோவுக்கு அடுத்த தவணை வருகிற மார்கழியில். அதற்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
இரண்டு காருக்கும் வரிசையில் நின்றவன்,
மண்டூர்.