சமயமானபோது அழைப்பிப்பேன்: மகளுக்கு ஒரு கடிதம்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்பு மகளுக்கு,

ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அம்மாவின் அன்பும் ஆசியும். போன வாரம் தொலைபேசியில் நீ சொன்னவற்றுக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் வாட்ஸ்அப் அழைப்பில் பாதிப் பேச்சு காதில் விழுவதில்லை. மீதிப் பேச்சுக்குள் உன் வார்டிலிருந்து யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். ஆகவே எழுதுவதே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன். "கர்த்தர் வருகிறார், இன்றே மனந்திரும்பு" என்று ஒரு பிரசங்கியார் முழங்கும் காணொளியை யாரோ உனக்கு அனுப்பியதாகவும், அதைக் கேட்டுப் பயம் வந்ததே தவிர விசுவாசம் வரவில்லை என்றும் சொன்னாய். பிறகு வேறு பேச்சுக்கிடையே, சிறப்பு மருத்துவர் தேர்வு முடிந்து வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்ததும் பழையபடி சபைக் காரியங்களில் இறங்குவேன் என்றும் சொன்னாய். நீ இவற்றைத் தனித்தனியாகத்தான் சொன்னாய். எனக்கோ இரண்டும் ஒரே காரியமாகத் தோன்றுகின்றன.

முதலில் அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். கிறிஸ்துவின் வருகையை மிரட்டலாக்கிப் பேசும் பிரசங்கம் எனக்கும் பிடிப்பதில்லை. நாள் குறித்துச் சொன்னவர்கள் சரித்திரத்தில் நிறையப் பேர். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் பிரசங்கியாரின் போதனையைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். நம் காலத்தில் ஹெரல்ட் கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் 2011 மே 21 என்று அறிவித்தார். "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று ஆண்டவரே மத்தேயு 24இல் சொல்லியிருக்க, இவர்களுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களும் உண்டு. நாளைக்கு உலகம் அழியும் என்று தெரிந்தாலும் இன்றைக்கு ஓர் ஆப்பிள் கன்று நடுவேன் என்று மார்ட்டின் லூத்தர் சொன்னதாகப் பேசி, அவசரமே வேண்டாம் என்பது போல முடித்துவிடுவார்கள். லூத்தரின் எழுத்துகளில் அந்த வாக்கியம் இல்லை. 1944க்கு முன் அது எழுத்தில் இருந்ததற்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். நல்ல வாக்கியம்தான், ஆனால் நம் சோம்பலுக்கு லூத்தரைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

வேதாகமம் எந்த இடத்தில் அவசரப்படுத்துகிறது என்று பார்த்தால் உனக்கே ஆச்சரியமாக இருக்கும். "நித்திரையைவிட்டு எழுந்திருக்கத்தக்க வேளையாயிற்று" என்று பவுல் எழுதிய ரோமர் 13:11ஐ மட்டும் தனியே எடுத்து முழங்குவார்கள். அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்பு அவர் என்ன பேசிக்கொண்டிருக்கிறார் தெரியுமா? கடனைப் பற்றி. ஒருவரிடத்தில் ஒருவர் அன்புகூருகிற கடனைத் தவிர வேறு எதிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்கிறார். பிறனிடத்தில் அன்புகூருவதே நியாயப்பிரமாணத்தின் நிறைவேறுதல் என்கிறார். அந்த மூச்சிலேயே வேளையாயிற்று, எழுந்திரு என்கிறார். அதாவது, பக்கத்தில் இருப்பவனுக்கு நீ கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது, பொழுதோ ஏறிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அவர் காட்டுகிற அவசரம். 386ஆம் ஆண்டு மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில், நாளைக்கு நாளைக்கு என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்த, பிற்காலத்தில் திருச்சபையின் பெரும் போதகரான அகுஸ்தீன் திறந்து வாசித்ததும் இதே அதிகாரத்தின் கடைசி வசனங்களைத்தான்.

உன் பயத்துக்கும் உன் தேர்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாய். அப்போஸ்தலர் நடபடிகள் 24ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை வாசி. செசரியாவில் தேசாதிபதியாகிய பேலிக்ஸ், தன் மனைவி துருசில்லாளோடு உட்கார்ந்து, காவலில் இருக்கும் பவுலை வரவழைத்துக் கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தைக் குறித்துக் கேட்கிறான். பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் பேசப் பேச, பேலிக்ஸுக்குப் பயம் வந்துவிடுகிறது. வந்தவுடன் அவன் சொல்வது: "இப்பொழுது நீ போகலாம், எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்." பயந்தவனும் தள்ளிப்போட்டவனும் ஒரே ஆள். பயம் மனிதனைக் கிறிஸ்துவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று அந்தக் காணொளிப் பிரசங்கியார் நம்புகிறார் போலும். பேலிக்ஸின் விஷயத்தில் அது கதவைச் சாத்தத்தான் உதவியது.

சிறு வயதில் ஞாயிறு பாடசாலையில் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிட்டார்கள், அதனால் பேலிக்ஸுக்குச் சமயமே வாய்க்கவில்லை என்று நீ நினைத்திருக்கக்கூடும். அடுத்த வசனம் வேறு சொல்கிறது. அவன் பவுலை அடிக்கடி அழைப்பித்துப் பேசினான். சமயம் ஒரு தரமல்ல, பல தரம் வந்தது. ஆனால் பவுலை விடுதலை செய்யப் பணம் கொடுப்பான் என்ற எண்ணத்தோடுதான் அழைப்பித்தான் என்று லூக்கா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இரண்டு வருஷம் சென்றது; பெஸ்து அந்தப் பதவிக்கு வந்தான்; பேலிக்ஸ் யூதருக்குத் தயவுசெய்ய மனதாய்ப் பவுலைக் காவலிலேயே விட்டுப் போனான். அவன் நேரமில்லாதவன் அல்ல. நேரமில்லை என்ற சொல்லுக்குப் பின்னால் வேறொன்றை வைத்திருந்தவன். தள்ளிப்போடுகிற பழக்கம் உள்ளவர்களிடம் நான் பெரும்பாலும் கண்டது இதுதான்: சொல்லுகிற காரணம் நியாயமாகவே இருக்கும், ஆனால் அது உண்மையான காரணமாக இருக்காது.

நீ இரவும் பகலும் வேலை பார்க்கிறாய் என்பது எனக்குத் தெரியும், அதை நான் சாக்கு என்று சொல்லவில்லை. தெசலோனிக்கேயில் சிலர் கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று கேட்டுக் கலங்கியிருந்தார்கள். அந்தச் சபையிலேயே சிலர் வேலையை விட்டுவிட்டு வீண் அலுவற்காரராய்த் திரிந்தார்கள். அவர்களுக்குப் பவுல் சொன்னது, வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்பது. தேர்வுக்குப் படி, நன்றாகப் படி. அவசர சிகிச்சைப் பிரிவில் யார் ஓடுகிறார்கள், யார் சத்தம் போடுகிறார்கள் என்பதைப் பார்த்து அங்கே யார் திறமைசாலி என்று சொல்ல முடியாது என்று நீயே ஒரு முறை சொல்லியிருக்கிறாய். எந்த நோயாளியை இப்போதே பார்க்க வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று தெரிந்து, பதறாமல் அந்த ஒருவரிடம் போகிறவர்தான் வேலை தெரிந்தவர் என்றாய். விசுவாசத்தின் அவசரமும் எனக்கு அப்படித்தான் புரிகிறது.

தரங்கம்பாடி வழி வந்த லுத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள் நீ, ஆகவே ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை உனக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. என்றாலும் அவருடைய ஆண்டுக் கணக்கை வைத்துப் பார்த்திருக்க மாட்டாய். 1706 ஜூலையில் கரையிறங்கியபோது அவருக்கு ஏறத்தாழ 24 வயது. வந்தவுடன் தெருமுனையில் நின்று முழங்கவில்லை; திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அ, ஆ எழுதினார். இடையில் டேனிஷ் அதிகாரி அவரை நான்கு மாதம் சிறையில் வைத்தார். 1708இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார், 1715இல் அது அச்சேறியது. 1719இல் இறந்தபோது அவருக்கு வயது 36தான். பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் கொண்டுவந்திருந்தார், மீதியை வேறொருவர் முடிக்க வேண்டியிருந்தது. தமிழ் சரியாக வந்த பிறகு தொடங்கலாம், அச்சகம் வந்த பிறகு தொடங்கலாம், அதிகாரிகள் அனுசரணையான பிறகு தொடங்கலாம் என்று அவர் காத்திருந்தால், நான் இன்று காலை வாசித்த வேதாகமத்துக்கு முன்னோடியே இருந்திருக்காது. மெதுவாக நடக்கிற வேலையை உடனே தொடங்கினார், அவ்வளவுதான்.

நம் காலத்து ஆள் ஒருவரைச் சொல்கிறேன். நம் குடியிருப்புக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் நம் சபையைச் சேர்ந்தவர் என்பது உனக்குத் தெரியும். ஆலயத்தில் அவர் ஜெபம் ஏறெடுத்து நான் கேட்டதில்லை. பாட்டு வகையிலும் சுமார்தான். சனிக்கிழமை இரவு கடை மூடும் நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பாதி இறக்கிய ஷட்டருக்கு உள்ளே, கல்லாப் பக்கத்து மேசையில் மைலோ டின் ஒன்றை வைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற வங்காளதேசத்துப் பையன்கள் இருவருக்கும் அந்த வாரத்துக் கூலியை ரிங்கிட் ரிங்கிட்டாக எண்ணிக் கையில் வைத்து, எண்ணிப் பார்க்கச் சொல்லி, அவர்கள் தலையசைத்த பிறகுதான் விளக்கை அணைப்பார். வியாபாரம் படுத்த ஒரு வாரம் டின்னில் பணம் போதவில்லை. மனைவிக்குப் போன் போட்டு வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லி, அதுவரைக்கும் அந்தப் பையன்களோடு உட்கார்ந்து தே தாரே, அதாவது ஆற்றிய பால் தேநீர், குடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை கொடுத்தால் ஆகாதா என்று நான் கேட்டதற்கு, லேவியராகமத்தில் விடியற்காலமட்டும் என்று போட்டிருக்கிறதே அக்கா என்றார். "கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்ற வசனத்தை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அதற்காகத் தே தாரே ஆறும்வரை காத்திருந்தவரை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பையன்கள் முஸ்லிம்கள். முஸ்லிம்களிடையே பிற சமயப் போதனை பரப்பப்படுவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்று நம் அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு சொல்கிறது, அவரும் அவர்களிடம் சமயம் பேசியதே இல்லை. கூலி மட்டும் எந்தச் சனிக்கிழமையும் தவறியதில்லை. உன்னிடத்தில் பொருள் இருக்கையில், போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன் என்று அயலானிடம் சொல்லாதே என்று நீதிமொழிகள் 3:28 சொல்லும் அவசரம் இதுவே.

இனி உன்னிடம் நேராக வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ சபையை விட்டு விலகியது படிப்பினால் என்று நான் நம்பவில்லை. படிப்பு இதைவிடக் கடினமாக இருந்த காலத்திலும் நீ மெல்பர்னில் பேருந்து பிடித்து ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்தாய். அப்பாவின் அடக்க ஆராதனை முடிந்து வீட்டில் கூடியிருந்தபோது, உயிரோடு இருக்கும்போது வந்து பார்க்காதவள் இப்போது அழுகிறாள் என்று உன் கிள்ளான் அத்தை எல்லோர் முன்னாலும் சொன்னதற்குப் பிறகுதான் நீ திருவிருந்துக்குப் போவதை நிறுத்தினாய். அத்தை சொன்னது தவறு. எல்லைகள் மூடிக் கிடந்த காலம் அது, நீ விமானச்சீட்டுக்கு எப்படி அலைந்தாய் என்பதை அறிந்தவள் நான். அதை அத்தையிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் மத்தேயு 5:23ஐக் கவனி. பலிபீடத்தினிடத்தில் காணிக்கையோடு நிற்கும்போது "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் என்று ஆண்டவர் சொல்கிறார். குறை யார் மனதில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார், யார் பக்கம் நியாயம் என்று விசாரிக்கவில்லை. அங்கேதானே காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறார். ஆராதனையையே பாதியில் நிறுத்தச் சொல்லுமளவுக்கு அவருக்கு அவசரமாகத் தோன்றிய காரியம் இது. நீயோ குறையை அப்படியே வைத்துக்கொண்டு காணிக்கையை விட்டுவிட்டாய், அதைப் படிப்பின் கணக்கில் எழுதிவிட்டாய்.

அத்தை மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாம் என்பாய். கேட்க மாட்டாள், உன் அப்பாவுக்கும் அந்தப் பிடிவாதம் இருந்தது, உனக்கும் கொஞ்சம் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். வாரத்துக்கு மூன்று தரம், தரத்துக்கு நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் கிடக்கிறவளுக்கு உடம்பில் என்ன மிஞ்சும் என்பதை எனக்கு நீ சொல்ல வேண்டும், உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவளிடம் நீண்ட விளக்கம் வேண்டாம். எப்படி இருக்கிறீர்கள் அத்தை என்று கேள், மருந்து மாத்திரைகளின் பெயரைக் கேள், இரத்தப் பரிசோதனை முடிவைப் படமெடுத்து அனுப்பச் சொல். டாக்டர் மருமகள் கேட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாள், பழைய பேச்சை அவளே ஒரு நாள் எடுப்பாள்.

செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு டயாலிசிஸ். அன்று மாலையில் களைத்துத் தூங்கிவிடுவாள். மற்ற நாள்களில் இங்கே காலை பத்து மணிக்கு மேல் பேசலாம், உங்கள் ஊரில் அப்போது நண்பகல் தாண்டியிருக்கும். கைப்பேசியை அவள் எடுப்பதில்லை, வீட்டு எண்ணுக்கே கூப்பிடு; மணி நெடுநேரம் அடிக்கும், நடந்து வர அவளுக்கு நேரமாகும், வைத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா