படலையில் நின்று கேட்டவர்களுக்கு

எங்கள் வட்டார உறவுகளுக்கு வணக்கம்.

அடுத்த ஆண்டுப் பாதீட்டில் எங்கள் ஊர் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கவும் கூரை திருத்தவும் பிரதேச சபை காசு ஒதுக்கியிருக்கிறது. சபை அமர்வு முடிந்த அன்றே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. காலபோக வயல் வேலையால் பிந்திவிட்டது, குறை நினைக்காதீர்கள்.

நூலகத்துக்கென்று தனியாக வாக்குப் போடுகிற வழக்கம் எங்கள் நாட்டில் இல்லை. பாதீட்டுக்குக் கையுயர்த்துகிற உறுப்பினரைத்தான் நாங்கள் தெரிவு செய்யலாம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் இரண்டு வருடத்துக்கு மேலாக அப்படி உறுப்பினரும் இல்லை. அதனால்தான் 2025 மே 6 தேர்தல் வந்தபோது, வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாங்களும் ஒன்று கேட்போம் என்று வாசகர் வட்டத்தில் பேசிக்கொண்டோம். "நூலகத்துக்கு என்ன செய்வீர்கள்?" அவ்வளவுதான். ஆனால் எல்லாப் படலையிலும் அதே கேள்வி.

ஒரு வேட்பாளர், "நூலகத்தால் பத்து வாக்கும் விழாது" என்று சிரித்துவிட்டுப் போனார். ஏழெட்டு வீடு தாண்டியதும் திரும்பி வந்து, தன் துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்திலேயே வாக்குறுதியை எழுதித் தந்தார். அந்தத் தாள் பத்திரமாக இருக்கிறது. எல்லாக் கட்சிக்காரரும் கையுயர்த்தியதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

"றோட்டுக்கே கல் போடவில்லை, அதற்குள் புத்தகமா?" என்று எங்களுக்குள்ளும் கேட்டார்கள். பிழையான கேள்வியில்லை. நானும் தடுமாறித்தான் நின்றேன். பின்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் எழும்பி, "1981இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதை வருசா வருசம் பேசிறம். எங்கட நூலகத்தில பல்ப் எரியுதா எண்டு ஆரும் பாத்தனீங்களோ?" என்றார். கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஐயா, உங்களுக்குப் பெரிய நன்றி.

வெயிலில் சைக்கிளில் கையெழுத்துத் தாள் கொண்டு திரிந்த உயர்தரப் பிள்ளைகளுக்கும், காசு வாங்காமல் பிரதி எடுத்துத் தந்த கடைக்காரத் தம்பிக்கும் நன்றி. குளத்தடி ஆச்சியை மறக்க முடியாது. "எனக்கு எழுத்துத் தெரியாது மோனை. பேத்தி அங்க இருந்துதான் வினாத்தாள் செய்யிறவள்" என்று சொல்லி, பெருவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மை தொட்டு வைத்தார். அந்தத் தாளில் ஆகத் தெளிவான அடையாளம் அதுதான்.

கூரைத்தகடு வந்திறங்கும் நாளில் தூக்க ஆள் வேண்டும். பிறகு, இரவல் எடுத்த புத்தகங்களை இன்னும் வீட்டில் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து தாருங்கள். தண்டப்பணம் பற்றி நூலகரிடம் நான் கதைக்கிறேன்.