ஒன்றரை மணித்தியாலம்

கோண்டாவில்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகளுக்கு,

ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் மாமியின் மகனிடம் லண்டனுக்குக் கொடுத்தனுப்பினேன். கிடைத்ததா என்று நீ சொல்லவில்லை. அப்பாவின் திவசத்தன்று கதைத்தாய். ஐந்து கிழமையாகிறது. கேட்டால் 'வேலை அம்மா' என்று இரண்டே சொல். இரவில் சாப்பிடுகிறாயா?

உன் வேலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இப்போது நானே விளக்கம் சொல்கிறேன். சித்திரவதைப்பட்டு வந்தவர்களைக் கதவு தெரியும்படி உட்கார வைப்பாள். அனுமதி கேட்டுத்தான் கேள்வி கேட்பாள். 'உனக்கு என்ன குறை' என்று கேட்க மாட்டாள், 'உனக்கு என்ன நடந்தது' என்றுதான் கேட்பாள். அவர்கள் மனம் நிலைப்படும்வரை கதையைத் தோண்ட மாட்டாள் என்பேன். சொல்லும்போது பெருமையாக இருக்கும். இப்போது இளம் உளவள ஆலோசகர்கள் ஆறு பேருக்கு நீ மேற்பார்வையாளர். அவர்கள் கேட்டதெல்லாம் உன்னிடம் வருகிறது. நீ கேட்டதெல்லாம் எங்கே போகிறது?

உனக்கும் ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார், மாதம் ஒன்றரை மணித்தியாலமாவது அவரிடம் போக வேண்டும் என்பது உங்கள் பிரிட்டிஷ் ஆலோசகர் சங்கத்தின் விதி என்றாய். ஒன்றரை மணித்தியாலம் போதுமா, பிள்ளை? இங்கே ஒரு செத்தவீட்டில் அதைவிடக் கூட நேரம் அழுவார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. அந்தக் கதைகளோடு படுக்காதே.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவா இதை எழுதத் தொடங்கினேன்? இல்லை.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் அந்த ஆச்சி சேற்றில் உட்கார்ந்திருந்தாள். 'இவவை ஏன் ஒருவரும் கூட்டிக்கொண்டு போகவில்லை?' என்று கேட்டாய். 'பார்க்காதே, நட' என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். உனக்கு ஒன்பது வயது. கொடிகாமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு இரவும் பாயை நனைத்தாய். எல்லோருக்கும் முன்னால் ஏசினேன். 'அழுதால் உன்னையும் விட்டுவிட்டுப் போய்விடுவேன்' என்றேன். அந்த ஆச்சியைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு அதைச் சொன்னேன்.

ஊர் திரும்பியபின் உனக்குப் பேச்சுத் திக்கியது. தயா சோமசுந்தரம் போன்ற மனநல வைத்தியர்கள் யாழ்ப்பாணத்தில் இதற்கென்றே உழைத்துக்கொண்டிருந்த காலம். கூட்டிக்கொண்டு போவோம் என்று பெரியம்மா சொன்னாள். ஊர் கதைக்கும் என்று நான்தான் தடுத்தேன். அப்பாவைக் குற்றம் சொல்லாதே. அவருக்குத் தெரியாது.

உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் 'என்ன நடந்தது' என்று கேட்கிறாய். உன்னிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த ஆச்சியின் முகம் எனக்கு இன்னும் தெரியும். பச்சைக் கரைச் சேலை. நீ கேட்டால் சொல்கிறேன். நீ சொன்னால், எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன்.

ஞாயிறு உங்கள் நேரம் பத்து மணிக்கு போனுக்குப் பக்கத்தில் இருப்பேன். மாவை வெயிலில் ஒருதரம் காயவை, அங்கே பூச்சி பிடிக்கும்.

அம்மா