உலாவி வேடமிடும் நிரல்களும் தட்கல் முன்பதிவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தட்கல் முன்பதிவில் 'பாட்' எனப்படும் தானியங்கி நிரல்கள் புகுவதைப் பற்றித் தங்கள் நாளிதழிலும் பிற இதழ்களிலும் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. எத்தனை கணக்குகள் முடக்கப்பட்டன, எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்ற விவரம் அவற்றில் இருக்கிறது. அந்த நிரல் தளத்தின் பாதுகாப்புக் காவலை எப்படிக் கடந்து உள்ளே வருகிறது என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. பதினெட்டு ஆண்டுகளாக இணையதளங்களின் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் அதை விளக்கி, அதிலிருந்து ரயில்வே நிர்வாகம் எடுக்க வேண்டியதாக நான் கருதும் ஒரு முடிவையும் முன்வைக்க இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு தளத்தை நாம் திறக்கும்போது மறுமுனையில் உள்ள சர்வருக்கு நம் முகமோ விரலோ தெரிவதில்லை. நம் உலாவி அனுப்பும் சில வரி எழுத்துகள் மட்டுமே அதன் கைக்குப் போய்ச் சேருகின்றன: எந்தப் பக்கம் வேண்டும், எந்த மொழி விருப்பம், இதற்கு முன் எந்தப் பக்கத்தில் இருந்தோம், நாம் பயன்படுத்தும் உலாவி எது என்பன போன்ற தகவல்கள். கடைசியாகச் சொன்னதற்கு 'யூசர் ஏஜென்ட்' என்று பெயர். அது தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் வாக்குமூலம். அதைச் சரிபார்க்க ஒரு சான்றும் கூட வருவதில்லை. வேடம் போடும் பழக்கம் உலாவிகளிடமே தொடங்கியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1990களில் நெட்ஸ்கேப் உலாவி 'மொசில்லா' என்று தன்னை அறிவித்துக்கொண்டது. அந்தப் பெயரைச் சொன்னவர்களுக்கு மட்டும் சில தளங்கள் நல்ல பக்கத்தைக் கொடுத்ததால், பின்னால் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் தன்னை 'மொசில்லா' என்றே சொல்லிக்கொண்டது. இன்றும் குரோம், சபாரி உட்பட ஏறக்குறைய எல்லா உலாவிகளும் 'மொசில்லா/5.0' என்றுதான் தங்கள் வாக்குமூலத்தைத் தொடங்குகின்றன.

பெயரை மாற்றிச் சொல்வது ஒரு வரி வேலை. மற்ற அடையாளங்களை மறைப்பதுதான் கடினம். முன்பு ஒரு தனியார் பேருந்து நிறுவனத்தின் முன்பதிவுத் தளத்தை நான் கவனித்துவந்தபோது, தீபாவளிக்கு முந்தைய வாரத்து லாக் கோப்பில் (சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வரியாகப் பதிவாகும் கோப்பு) இதை நேராகப் பார்த்தேன். ஒரு மனிதர் பக்கத்தைத் திறந்தால், அதே விநாடிக்குள் நிறுவனத்தின் சின்னம், எழுத்துரு, படங்கள், வடிவமைப்புக் கோப்புகள் என்று நாற்பது ஐம்பது வரிகள் மளமளவென்று விழும்; பிறகு பத்துப் பன்னிரண்டு விநாடி அமைதி, ஏனென்றால் அவர் படித்துக்கொண்டிருக்கிறார்; பிறகு ஒரு பேருந்தின் இருக்கை வரைபடம், பின்வாங்கல், இன்னொரு பேருந்து. நிரல் வந்த இடத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. படம் கேட்கவில்லை, எழுத்துரு கேட்கவில்லை. இருக்கை வரைபடத்தை மட்டும் மூன்று விநாடிக்கு ஒருமுறை, ஒரு விநாடிகூடப் பிசகாமல், இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அதைத் தடுத்தோம். இரண்டு நாளில் அது மீண்டும் வந்தது, இம்முறை நாற்பது தனித்தனி ஐபி முகவரிகளிலிருந்து, அதாவது நாற்பது வேறு இணைய இணைப்புகளிலிருந்து வருவதுபோல. படங்களையெல்லாம் கேட்டது, இடைவெளியைச் சில நேரம் இரண்டு விநாடியாகவும் சில நேரம் ஐந்தாகவும் மாற்றிக்கொண்டது, மொழி விருப்பத்தில் தமிழ் என்றுகூடக் குறிப்பிட்டிருந்தது. அது மனிதக் கூட்டமில்லை என்பதை நாங்கள் கண்டுகொண்டது ஒரு சிறிய தடயத்தால்: அந்த நாற்பது பேரில் ஒருவர்கூடத் தேதியைத் தவறாக அழுத்தித் திரும்பவில்லை.

அதன் பிறகு இந்தக் கலை வெகுவாக வளர்ந்துவிட்டது. பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும்போது ஒவ்வொரு உலாவியும் தனக்குத் தெரிந்த மறையாக்க முறைகளை (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறைகளை) தனக்கே உரிய வரிசையில் சொல்லும். அந்த வரிசையைக் கைரேகைபோல வைத்து நிரலைப் பிடிக்கும் ஜேஏ3 என்ற முறையை 2017இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனப் பொறியாளர்கள் வெளியிட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கைரேகையையும் அச்சாகப் போலி செய்யும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கத் தொடங்கின. அதே 2017இல், திரையே இல்லாமல் பின்னணியில் ஓடும் வசதி குரோம் உலாவியில் வந்தது. தளங்களைச் சோதித்துப் பார்ப்பதற்காக வந்த நல்ல வசதி அது. நானும் அன்றாடம் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் பின் உலாவியைப் போல நடிக்க வேண்டிய தேவையே நிரலுக்குக் குறைந்துவிட்டது. உண்மையான உலாவியையே அது ஓட்டுகிறது. 'என்னை ஒரு நிரல் இயக்குகிறது' என்று தளத்துக்குத் தெரிவிக்கும் ஒரு குறிப்பு அதில் இருந்தாலும், அதை அழிப்பதும் ஒரு வரி வேலைதான்.

ரயில் முன்பதிவில் இதே கதைதான் பெரிய அளவில் நடந்தது. நிரல்களின் வேகத்தைக் கட்டுப்படுத்த, பயணிகளின் விவரங்களை நிரப்பக் குறைந்தது 25 விநாடிகள் ஆக வேண்டும் என்று ஐஆர்சிடிசி தளத்தில் ஒரு வரம்பு வைக்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு வைத்த வரம்பு அது. ஆனால் 25 விநாடி சும்மா காத்திருப்பது நிரலுக்கு எந்த வகையிலும் சிரமம் இல்லை. நான்கு பேரின் பெயரையும் வயதையும் கைப்பேசியில் தட்டச்சு செய்யும் ஒரு குடும்பத் தலைவிக்கு அதைவிட அதிக நேரம் ஆகிறது. வருபவர் மனிதரா என்று சோதிக்கும் 'கேப்ட்சா' புதிர்களின் நிலையும் அப்படித்தான்: கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் புதிர்களை மனிதர்களைவிட நிரல்களே வேகமாகவும் துல்லியமாகவும் விடுவிக்கின்றன என்று கண்டார்கள். மனிதரையும் இயந்திரத்தையும் பிரித்தறிய வைத்த தேர்வில் இயந்திரம் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறது என்றால், அந்தத் தேர்வில் தோற்று வெளியே நிற்பவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அவர் யார் என்பதை நான் ஒருமுறை தொலைபேசியில் கேட்டிருக்கிறேன். மேலே சொன்ன தளத்தில் காவலை இறுக்கி, சுட்டியின் (மவுஸ்) அசைவே இல்லாமல் படிவம் நிரம்பினால் அது நிரல் என்று முடிவு செய்யும் விதி ஒன்றைச் சேர்த்தோம். மறுநாள் காலை, கண் பார்வையற்ற ஓர் ஆசிரியர் அழைத்தார். திரையில் உள்ளதைக் குரலாகச் சொல்லும் மென்பொருளை வைத்து, விசைப்பலகையால் மட்டுமே தளத்தை இயக்குபவர் அவர். பல மாதங்களாக எங்கள் தளத்தில் தாமே சீட்டு எடுத்துவந்தவர். "நேற்றிலிருந்து என்னை உள்ளே விடவில்லை, நான் என்ன தவறு செய்தேன்?" என்று கேட்டார். அவர் செய்த தவறு சுட்டியைத் தொடாததுதான். விதியை அன்றே நீக்கினோம். அதை எழுதிய கை என்னுடையது. அந்தக் கேள்வி இன்றும் என் மனதை விட்டு அகலவில்லை. பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர், ஒரே இணைய இணைப்பைப் பலர் பகிரும் விடுதி மாணவர், நடுங்கும் கையால் மெதுவாகத் தட்டும் முதியவர் ஆகிய அனைவரும் இப்படிப்பட்ட விதிகளின் கண்ணுக்குச் 'சாதாரண உலாவி'யிலிருந்து விலகியவர்களாகத் தெரிகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய நிரலோ எந்தக் குறையும் இல்லாத சாதாரண உலாவியாகத் தெரிகிறது.

சட்டம் இந்த விஷயத்தில் உறங்கவில்லை. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 143ஆவது பிரிவு, அனுமதியின்றிப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுக்கும் தொழிலுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. இணையம் வருவதற்கு முன் எழுதப்பட்ட அந்தப் பிரிவு இணையவழிச் சீட்டுகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. இப்படியொரு நிரலை எழுதி விற்றதாக, சிபிஐ அமைப்பு 2017 டிசம்பரில் தன்னிடமே பணியாற்றிய உதவி நிரலாளர் ஒருவரைக் கைது செய்ததும் நினைவிருக்கலாம். அவர் அதற்கு முன் ஐஆர்சிடிசியில் வேலை பார்த்தவர். காவலின் அமைப்பை அறிந்தவருக்கு அதைக் கடக்கும் வழியும் தெரியும் என்பதால், காவலை மட்டுமே நம்பியிருக்க முடியாது என்று நான் கருதுகிறேன்.

2025இல் ரயில்வே எடுத்த நடவடிக்கைகள் உண்மையிலேயே பாராட்டுக்குரியவை. முன்பதிவு தொடங்கும் முதல் ஐந்து நிமிடங்களில் உள்நுழைய முயல்பவற்றில் பாதி வரை நிரல்களே என்று அமைச்சகமே அவ்வாண்டு ஜூனில் ஒளிவுமறைவின்றிச் சொன்னது. இரண்டரைக் கோடிப் போலிக் கணக்குகள் முடக்கப்பட்டன. ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே தட்கல் என்றும், ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓடிபி கட்டாயம் என்றும், முதல் அரை மணி நேரம் பயணச்சீட்டு ஏஜென்ட்டுகளுக்கு அனுமதி இல்லை என்றும் விதிகள் வந்தன. 'நீ மனிதனா?' என்ற கேள்வியிலிருந்து 'நீ யார்?' என்ற கேள்விக்கு நிர்வாகம் நகர்ந்திருக்கிறது. இது சரியான திசை.

ஆனாலும் வேகப் போட்டி அப்படியே இருக்கிறது. 2025 மே 22 காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 சீட்டுகள் பதிவாயின என்று ரயில்வே அறிவித்தது. சர்வரின் திறனுக்கு அது பெருமைதான். எனினும் ஒரு ரயிலில் ஒரு வகுப்புக்கான தட்கல் இடங்கள் நூற்றுக்கணக்கானவர் கேட்கும்போது முதல் நிமிடத்திலேயே தீர்ந்துவிடும் நிலையில், யார் முந்துகிறார் என்பதை விநாடிகளே முடிவு செய்கின்றன. விநாடிகளுக்கு விலை இருக்கும்வரை நிரல் விற்பவருக்கும் வேலை இருக்கும். உண்மையான ஆதார், உண்மையான கைப்பேசி, அதில் வரும் ஓடிபியைத் தானே எடுத்து நிரப்பும் செயலி, உண்மையான குரோம் ஆகியவற்றை ஒன்றாகக் கோத்துவிட்டால், அதையும் ஒரு குடும்பத் தலைவியின் கைப்பேசியையும் சர்வரின் பக்கமிருந்து பிரித்தறிய நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: தட்கலில் முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற முறையை முதல் பதினைந்து நிமிடங்களுக்கு மட்டும் கைவிட வேண்டும். குளிர்சாதன வகுப்புக்கு 10 மணி முதல் 10.15 வரையும், மற்றவற்றுக்கு 11 மணி முதல் 11.15 வரையும் வரும் விண்ணப்பங்களை எல்லாம் சமமாக ஏற்று, ஓர் ஆதாருக்கு ஒரு விண்ணப்பம் என்ற கணக்கில், கணினிக் குலுக்கலில் இடங்களை ஒதுக்கலாம். மிஞ்சியவை அதன் பின் வழக்கம்போல. இந்த ஏற்பாட்டில் 10.00க்கு வந்த நிரலுக்கும் 10.14க்குத் தட்டித் தடவி முடித்த முதியவருக்கும் வாய்ப்பு ஒன்றே. இது நம் மக்களுக்குப் புதிதும் இல்லை. திருமலையில் ஆர்ஜித சேவைச் சீட்டுகளில் ஒரு பகுதியை, சில நாட்கள் பதிவு செய்ய விட்டு, 'எலக்ட்ரானிக் டிப்' என்ற குலுக்கலில்தான் தேவஸ்தானம் வழங்குகிறது. பக்தர்கள் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவசரப் பயணத்துக்கான திட்டத்தில் குலுக்கலா என்று சிலர் கேட்கக்கூடும். இன்றும் அது அவசரத்தை அளப்பதில்லை, இணைய வேகத்தையே அளக்கிறது. கால் மணி நேரத் தாமதத்தால் மறுநாள் பயணம் கெடப்போவதும் இல்லை. குலுக்கல் நேர்மையாக நடந்தது என்பதை யாரும் சரிபார்க்கும்படி முறையையும் முடிவுகளையும் வெளியிடுவது மட்டும் கட்டாயமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேடமிடும் நிரல்கள் எல்லாமே திருடர்கள் அல்ல. விவசாயம் செய்யும் என் மாமாவுக்கு அணையின் நீர்மட்டத்தைத் தினமும் காலையில் குறுஞ்செய்தியாக அனுப்ப, ஒரு பொதுத் தளத்திலிருந்து அந்த ஓர் எண்ணை எடுக்கும் சிறு நிரலை எழுதினேன். அதன் பெயரையும் என் மின்னஞ்சல் முகவரியையும் நேர்மையாக யூசர் ஏஜென்ட்டில் குறிப்பிட்டேன். '403, அனுமதி இல்லை' என்று பதில் வந்தது. சோதனைக்காக அந்த வரியில் குரோம் என்று மாற்றியதும் அதே பக்கம் திறந்தது. பெயர் சொல்லி வருபவரை விரட்டி, பொய் சொல்பவரை உள்ளே விடும் காவல் யாருக்கும் பயன்படாது. பொதுத் தரவுகளைப் பகிர்வதற்கென 2012இலேயே மத்திய அரசு கொள்கை வகுத்து, அதற்கெனத் தனித் தளமும் தொடங்கியது. நீர்மட்டம், மழையளவு, சந்தை விலை, ரயில்களில் காலியாக உள்ள இடங்கள் போன்றவற்றை நிரல்களே நேராகப் படிக்கும் வடிவில், பதிவு செய்துகொண்ட எவருக்கும் அளவோடு கொடுத்தால், நல்ல நோக்கத்தோடு எழுதுபவர்கள் உலாவி வேடம் போட வேண்டியதே இல்லை. அதன் பிறகும் வேடமிட்டு வருபவற்றைச் சந்தேகிக்க நிர்வாகத்துக்குத் தெளிவான காரணம் இருக்கும்.

குலுக்கல் முறையைத் தெற்கு ரயில்வேயின் ஓரிரு ரயில்களிலாவது, பொங்கல், தீபாவளி போன்ற நெரிசல் காலத்தில் சோதித்துப் பார்க்குமாறு ரயில்வே வாரியத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
கோயம்புத்தூர்.