வளவை உன் பெயருக்கு எழுதுவது பற்றி

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

வீடும் கிணறும் உள்ள நம் வளவை உன் பெயருக்கும் தம்பியின் பெயருக்கும் எழுதி முடிப்பது பற்றி நீ தொலைபேசியில் கேட்டவற்றுக்கு அரைகுறையாகப் பதில் சொல்வதிலும் பார்க்க, காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் விளக்கமாகக் கேட்டறிந்து எழுத்தில் தருவதே நல்லதென்று அம்மாவும் நானும் முடிவு செய்தோம். இதனை மருமகனும் வாசிக்கட்டும். நாங்கள் இருவரும் நடமாடித் திரியும் காலத்திலேயே, எங்கள் கையாலேயே, இந்தக் காணி அலுவல் ஒழுங்காக முடிய வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

சும்மா வாங்க மனமில்லை, காணியின் பெறுமதியை அனுப்புகிறேன், அறுதியாக, அதாவது விலைக்கு விற்றதாக, எழுதுங்கள் என்று நீ சொன்னாய். உன் மனம் எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் அது சட்டப்படி இயலாத காரியம். நீ கனடாவின் குடியுரிமையைப் பெற்றபோது இலங்கைக் குடியுரிமையை இழந்துவிட்டாய். இரட்டைக் குடியுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் மட்டுப்பாடுகள் சட்டம், 2013 ஜனவரி 1 முதல் செல்லுபடியாகும் விதத்தில், வெளிநாட்டுக் குடிமக்களுக்குக் காணியின் உரித்தை மாற்றுவதைத் தடுத்துள்ளது. அதே சட்டம், நெருங்கிய உரித்தாளருக்கு நன்கொடையாகவோ, மரணசாசனத்தின் மூலமோ, சாசனமில்லாத மரபுரிமையாகவோ காணி போய்ச் சேர்வதை அனுமதிக்கிறது. ஆகவே பெற்ற தாய் தன் மகளுக்கு நன்கொடை உறுதி எழுதிக் கொடுக்கலாம். அதே மகளுக்கு அறுதி உறுதி எழுதி விற்க முடியாது. உன் காசு எங்களுக்கு வேண்டாம் என்பது வேறு விடயம். வேண்டுமென்றாலும் வழியில்லை என்பதை நீ அறிந்திருக்க வேண்டும்.

மருமகன் சொன்ன மற்ற யோசனையையும் நான் அலட்சியம் செய்யவில்லை. முழுவதையும் இப்போது தம்பியின் பெயரில் எழுதிவிட்டு, நீ இரட்டைக் குடியுரிமை எடுத்த பின்னர் உன் பங்கைத் தம்பி உனக்கு எழுதித் தரலாம் என்றார். இதனை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். தம்பியில் எனக்கு ஐமிச்சம் எதுவுமில்லை. ஆனால் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்த நாளிலிருந்து, நொத்தாரிசின் முன்னிலையிலும், ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் கைச்சாத்திடப்படாத எந்தக் காணிக் கொடுக்கல் வாங்கலுக்கும் வலுவில்லை. சகோதரர்களுக்கிடையிலான வாய்ச்சொல், அவர்கள் இருவரும் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும் வரைக்குமே நிற்கும். தம்பிக்கு ஏதும் நேர்ந்தால், அந்தக் காணி அவனுடைய வாரிசுகளின் உரித்தாகிவிடும், அவர்களுக்கு நம்முடைய பேச்சு எதுவும் தெரிந்திருக்காது. அத்துடன் இரண்டு உறுதிக்கும் இரண்டு முறை முத்திரைத் தீர்வை கட்ட நேரும்.

இனி உரித்தின் வரலாற்றைச் சொல்கிறேன், ஏனெனில் பின்னாளில் எவராவது கேட்டால் நீ தடுமாறக் கூடாது. இந்த வளவு எனக்குப் பரம்பரையாக வந்த முதுசமும் அல்ல, நாங்கள் சேர்ந்து உழைத்து வாங்கிய தேடியதேட்டமும் அல்ல. அம்மாவுக்கு அவருடைய தாய் தகப்பன் எழுதிக் கொடுத்த சீதனம். ஆகையால் கொடுப்பவர் அம்மா, நான் அல்ல. எனினும் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன்னுடைய காணியைக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது என்று 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் தொகுக்கப்பட்ட வழமையின் தொடர்ச்சி இது. தன் சொந்தக் காணிக்கு அம்மா என்னிடம் சம்மதம் பெற வேண்டியிருப்பது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அந்தச் சம்மதம் இல்லாத உறுதி நிலைக்காது என்பதால், நானும் அதே உறுதியில் சம்மதம் தெரிவித்துக் கைச்சாத்திடுவேன்.

சீதன உறுதியின் மூலம் எங்களிடம் இல்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போன வேளையில் தொலைந்த பெட்டியோடு அதுவும் போயிற்று. இதற்காக நீ கவலைப்படத் தேவையில்லை. ஒவ்வோர் உறுதிக்கும் காணிக்காரரிடம் ஒன்று, நொத்தாரிசின் கோவையில் ஒன்று, காணிப் பதிவகத்தில் ஒன்று என்று பிரதிகள் இருக்கும்; பதிவகத்திலுள்ள பிரதியிலிருந்து உறுதிப்படுத்தப்பட்ட நகலை விண்ணப்பித்துப் பெற்றுவிட்டேன். அதனோடு முப்பது ஆண்டுத் தோம்பையும், அதாவது காணிப் பதிவேட்டின் சாற்றையும், எடுத்தேன். வளவின் மீது கடனுக்கு வைத்த ஈடோ ஒற்றியோ வழக்குப் பதிவோ எதுவும் இல்லை. உறுதி எழுதுமுன் பதிவேடுகளைத் தேடிப் பார்ப்பது நொத்தாரிசின் கடமை. தேடத் தேவையில்லை என்று கட்சிக்காரர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அதனை விடலாம். உறவுக்குள் நடக்கும் நன்கொடைதானே என்று பலர் அப்படி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் கொடுக்க மாட்டேன்.

அடுத்தது பிரிப்பு. முழு வளவும் ஆறு பரப்பு. அதாவது அறுபது பேர்ச். வீடு நிற்கும் கிழக்குப் பக்கத்து நான்கு பரப்பு உனக்கும், மேற்குப் பக்கத்து இரண்டு பரப்பு தம்பிக்கும் என்று பேசியிருக்கிறோம். அவனுக்கு இணுவிலில் சொந்த வீடு இருப்பதால் முழுச் சம்மதம். இதனைப் பிரிக்காமல், ஆளுக்கு இத்தனை பங்கு என்று ஒரே உறுதியில் எழுதினால் செலவு குறையும் என்று சிலர் சொன்னார்கள். பிரிபடாத பங்கு என்பது இன்று மிச்சம் பிடிக்கும் செலவை நாளை மாவட்ட நீதிமன்றத்தில் பல மடங்காகக் கேட்கும். 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழான வழக்குகள் எத்தனை ஆண்டுகள் இழுபடுகின்றன என்பதை நம் ஊரிலேயே கண்டிருக்கிறோம். வழக்குத் தொடுத்தவர்களின் பிள்ளைகள் தீர்ப்பை வாங்கிய குடும்பங்களும் உண்டு. மேலும், கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் தன் பங்கை விற்கப் புறப்பட்டால், 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி மற்றவருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அதற்கான அறிவித்தலை முறையாகக் கொடுக்காமல் விற்றதால் எழுந்த பகைகள் சிறிதல்ல. ஆகவே அனுமதிபெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, இரண்டு துண்டுகளாகப் பிரித்த வரைபடத்துக்குப் பிரதேச சபையின் அங்கீகாரமும் பெற்ற பின்னரே இரண்டு உறுதிகளும் தனித்தனியே எழுதப்படும்.

இதில் கிணறும் வழியும் உனக்கு மிக முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியவை. கிணறு உன் பங்குக்குள் வருகிறது. ஒழுங்கையும் உன் பக்கத்தில்தான் இருக்கிறது. தம்பியின் துண்டுக்கு வேறு வாசல் இல்லை. அவனுக்குக் கிணற்றில் பங்கும், நீர் கொண்டுபோகும் வாய்க்காலும், வடக்கு வேலியோரமாகப் பன்னிரண்டு அடி அகல வழியும் இருப்பதாக உன் உறுதியிலும் அவன் உறுதியிலும் ஒரே வசனத்தில் எழுத வேண்டும். வரைபடத்திலும் அந்த வழி காட்டப்பட வேண்டும். அண்ணன் தம்பியாக ஒரே முற்றத்தில் விளையாடியவர்கள் கிணற்றுப் பங்கு எழுதப்படாத குறையால் முகம் பாராமல் வாழ்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கு இந்த விடயத்தில் பெரும் பயம் உண்டு. பழைய உறுதிகளை எழுதியவர்கள் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு எல்லைகளை எழுதிய கையோடு, கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்கால் உரிமையையும் விடாமல் எழுதினார்கள். நாமும் அப்படியே எழுதுவோம்.

செலவைக் கேட்டிருந்தாய். உன் துண்டின் இன்றைய சந்தைப் பெறுமதியை, வீட்டையும் சேர்த்து, கணக்குக்காக 50 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள். நன்கொடை உறுதிக்கு முதல் 50,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 3 வீதமும், மிகுதிக்கு நூற்றுக்கு 2 வீதமும் முத்திரைத் தீர்வை. அதாவது 1,500 ரூபாயும் 99,000 ரூபாயும் சேர்ந்து 100,500 ரூபாய். அறுதி உறுதியாக இருந்தால் முதல் 100,000 ரூபாய்க்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும். அதன்படி 199,000 ரூபாய் வந்திருக்கும். நொத்தாரிசின் கட்டணம் பேசித் தீர்ப்பது. பெறுமதியில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவைச் சுற்றி இங்கே கேட்கிறார்கள். இவற்றோடு அளவைக் கூலி, பிரதேச சபைக் கட்டணம், பதிவுக் கட்டணம், தோம்புக்கும் நகல்களுக்குமான சிறு செலவுகள் உண்டு. அளவைக் கூலியை நானே கொடுப்பேன். முத்திரைத் தீர்வையை நீ தருவதாயின் மறுக்கமாட்டேன்.

பெறுமதியைக் குறைத்துப் போட்டால் தீர்வை குறையும் என்று உனக்கு எவரேனும் சொல்லக்கூடும். அப்படிச் செய்ய நான் உடன்படமாட்டேன். குறைத்துக் காட்டப்பட்டது என்று மாகாண இறைவரித் திணைக்களம் கருதினால், மதிப்பீடு செய்வித்து, விடுபட்ட தீர்வையைப் பின்னர் கேட்கும். அந்தக் கடிதம் வரும் நாளில் நாங்கள் இல்லாமற்போகவும் கூடும். அத்துடன், காணிக் கைமாற்றத்தின் முத்திரைத் தீர்வை 13 ஆவது திருத்தத்தின் பின்னர் மாகாணத்துக்கு உரிய வருமானம். அது அந்தந்த ஊரின் உள்ளூராட்சிச் சபைக்கே போய்ச் சேருகிறது. நம் ஒழுங்கையின் வெளிச்சத்துக்கும் வடிகாலுக்கும் செலவாகும் காசை நாமே மறைப்பது சரியல்ல.

உறுதியில் அம்மாவின் சீவிய உரித்தையும், அம்மாவுக்குப் பின் நான் இருந்தால் என்னுடைய சீவிய உரித்தையும் ஒதுக்கி எழுதச் சொல்லியிருக்கிறேன். இதனை நீ மனத்தாங்கலாக எடுக்கக் கூடாது. காணியின் சொந்தக்காரி உறுதி முடிந்த அன்றே நீ ஆகிவிடுவாய். இருந்து அனுபவிக்கும் உரிமை மட்டும் எங்கள் காலம் வரை எங்களிடம் இருக்கும். பிள்ளைகளை முழுமையாக நம்பி எதையும் ஒதுக்காமல் எழுதிக் கொடுத்த முதியவர்கள், பிள்ளைகளின் கடனுக்காகவும் பிள்ளைகளின் மணமுறிவுக்காகவும் வீட்டை விட்டு இறங்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மீளாத நன்கொடையைக் கொடுத்தவர் பின்னர் திரும்பப் பெறுவதானால், கடுமையான நன்றியீனம் என்ற காரணத்தை நீதிமன்றத்தில் நிரூபித்தே பெறலாம் என்று 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதனை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். நமக்குள் அது ஒருபோதும் தேவைப்படாது.

நன்கொடை என்பது கொடுப்பதோடு முடிவதில்லை; பெறுபவர் ஏற்றுக்கொண்டால்தான் நிறைவேறும். ஆகவே உறுதியில் உன் ஏற்பும் வேண்டும். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு நீ வருவது உறுதியானால், நேரிலேயே கைச்சாத்திடலாம். அம்மாவின் ஆசையும் அதுதான். வர முடியாவிட்டால், இந்த நன்கொடையை ஏற்பதற்கு மட்டும் என்று குறிப்பிட்டு இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் விசேட அற்றோணித் தத்துவத்தை, ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கைச்சாத்திட்டுத் தம்பியின் பெயருக்கு அனுப்பு. இங்கே அதனைப் பதிவு செய்த பின்னர் அவன் உனக்காக ஏற்பான். எல்லா அலுவலுக்குமான பொது அற்றோணித் தத்துவத்தை எவருக்கும் கொடுக்காதே, எனக்கும் கொடுக்காதே. நம் பகுதியில் வெளிநாட்டில் இருப்போரின் காணிகள் அவர்கள் அறியாமல் கைமாறிய பல சம்பவங்களின் அடியில் அப்படியான ஒரு தாள் இருந்திருக்கிறது.

சாட்சிகளாக, நம் குடும்பத்தை நன்கு அறிந்த, காணியில் எந்தப் பங்கும் இல்லாத இருவரைக் கேட்டிருக்கிறேன். உறுதி முடிந்த பின்னர் நொத்தாரிசு அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் இரண்டாம் பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். பதிவு விழுந்துவிட்டதா என்பதைத் தம்பி நேரில் போய்ப் பார்த்து வருவான். பதியப்படாத உறுதி, பின்னால் பெறுமதி கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவரின் உறுதிக்கு முன்னால் நிற்காது என்பது 1927 ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் விதி. வீட்டுக்கும் காணிக்குமான சோலைவரிப் பதிவில் உன் பெயரை ஏற்றுவதையும் மின்சாரப் பட்டியலையும் அதன் பின்னர் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ அனுப்ப வேண்டியவை: உன் பிறப்புச் சான்றிதழின் நகல், கனடியக் கடவுச்சீட்டின் நகல், திருமணத்தின் பின் பெயர் மாறியிருப்பதால் திருமணச் சான்றிதழின் நகல். பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் உன் பெயரின் எழுத்துகள் வேறுபடுவதனால், இரண்டும் ஒருவரே என்ற சத்தியக் கடதாசி ஒன்றும் வேண்டும் என்று நொத்தாரிசு சொன்னார். அதன் வரைவை அவரே தருவார். மாரி தொடங்கினால் பின்வளவில் வெள்ளம் நின்று அளக்க முடியாது போகும். ஆகையால் தம்பியின் வழிக்குப் பன்னிரண்டு அடி விடுவதில் உனக்குச் சம்மதமா என்பதை மட்டும் முதலில் எழுதி அனுப்பு. உன் பதில் வந்த பின்னரே நில அளவையாளருக்கு நாள் குறிப்பேன்.

அன்புடன்,
அப்பா