வழுக்கியதைப் பிடித்துத் தந்தவர்களுக்கு

புளியந்தோப்பு, காசிமேடு, கொருக்குப்பேட்டை உறவுகளுக்கு வணக்கம்.

மாட்டுக்கால் தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நார்க்கயிறு) எந்திரத்தில் பூட்டி, எவ்வளவு விசையில் அறுகிறது என்று அளக்கும் என் முதுகலை ஆய்வு ஒருவழியாக முடிந்தது. ஆய்வேட்டின் நன்றிப் பக்கம் பேராசிரியர்களோடு நிரம்பிவிட்டதால் இந்த மடல்.

தசைநாண் என்று கேட்டதும் இறைச்சிக்கடை பாய் விழித்தார். பிறகு, "ஓ, நரம்பா?" என்றார். (நரம்பு வேறுதான், கடையில் அதற்கு அதுதான் பெயர்.) கத்திமுனை படாமல் முழு நீளத்துக்கு உரித்துத் தந்தார். சிறு கீறல் இருந்தாலும் அங்கேயே அறுந்து கணக்கு பாழாகும்.

மீன்கடை அக்கா தன் ஃப்ரீசரில் ஒரு மூலை ஒதுக்கினார். வஞ்சிரத்தோடு ஒட்டக் கூடாது என்பதே நிபந்தனை. உலர்ந்த தசைநாண் விறைத்துப்போய்ப் பொய் சொல்லும், 0.9 சதவீத உப்புக்கரைசலில் நனைத்த துணியில் சுற்றித்தான் உறையவைக்க வேண்டும். எங்கள் தெரு போர் தண்ணீரிலும் உப்புக்குப் பஞ்சமில்லை, ஆனால் அது உதவாது. சலைன் பாட்டில் வாங்கித் தந்த கம்பவுண்டர் அண்ணனுக்கும் நன்றி.

லேத் பட்டறை அண்ணனுக்குத்தான் கடன் அதிகம். மூன்று வாரம் ஒன்றுகூட ஒழுங்காக அறுபடவில்லை. லேசாகப் பிடித்தால் வழுக்கியது. இறுக்கினால் பிடியின் விளிம்பில் நசுங்கி அறுந்தது. அப்படி அறுந்தால் அது தசைநாணின் வலிமை அல்ல, என் முரட்டுத்தனத்தின் அளவு. உப்புத்தாள் வைத்தும் பலனில்லை. அண்ணன் ஒரு துண்டை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "முனையைக் கல்லாக்கினால்தான் பிடி நிற்கும், தம்பி" என்றார். உறையவைக்கும் பிடிகளைப் பற்றிப் படித்திருந்தும் நான் துணியாத வேலை அது. அலுமினியத்தில் பல் வெட்டி, உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) நிரப்பக் குழியும் குடைந்து கொடுத்தார். நடுப்பகுதியும் உறைவதற்குள் இழுத்து முடிக்க வேண்டும். பத்துமுறை மெல்ல இழுத்துத் தளர்த்திப் பழக்கினோம். பிறகு வரைபடம் முதலில் சோம்பலாக வளைந்தது. தசைநாணில் சுருண்டிருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள் நிமிரும் கட்டம் அது. அப்புறம் நேர்கோடாக ஏறி, நட்டநடுவில் 'டப்'! ஆய்வகப் பணியாளர் கைதட்டினார்.

முட்டி லிகமென்ட் (எலும்பை எலும்போடு கட்டும் நார்) அறுந்த வியாசர்பாடி கால்பந்துத் தம்பிகளே, இது எதற்கு என்று கேட்டீர்கள். இளைஞர்களின் முட்டிக்குள் இருக்கும் முன்சிலுவை லிகமென்ட் (ACL) அறுவதற்கு முன் சராசரியாக 2,160 நியூட்டன், ஏறக்குறைய 220 கிலோ எடை, தாங்கியதாக 1991-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அதற்கு மாற்றாக உங்கள் முட்டியில் வைப்பது தசைநாண்தான். வைக்கும் முறைகளைச் சோதிக்க, மனிதத் தசைநாணுக்குப் பதிலாக மாட்டினுடையது பயன்படுகிறது.

அக்கா, ஃப்ரீசரில் இன்னும் இரண்டு பொட்டலங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன்.